பிள்ளையை வீட்டில் விட்டுச் செல்லுதல்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சென்னையிலும் அதை ஒட்டிய கடலோர மாவட்டங்களிலும் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு ஓர் அனுபவம் பொதுவானது. இரவெல்லாம் மழை கொட்டியிருக்கும்; பொழுது விடிந்தும் விடியாததுமான வேளையில், மாவட்ட ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்துவிட்டார் என்ற செய்தி வரும்; பிள்ளை போர்வைக்குள்ளிருந்தே ஆனந்தக் கூச்சல் போடும்; தாயும் தகப்பனும் மட்டும், ஆட்சியர் பள்ளிக்கூடத்துக்குத்தான் விடுமுறை விட்டாரேயொழிய ஆபீசுக்கு விடவில்லையே என்ற விசாரத்தோடு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஊரில் இருக்கும் பாட்டியை ஒரு மணி நேரத்தில் வரவழைக்க முடியாது; வீட்டு வேலைக்கு வரும் அம்மாளும் மழையால் வரவில்லை. "ஒரு நாள்தானே, இருந்துகொள்வான்" என்று யாரோ ஒருவர் சொல்ல, மற்றவர் மறுத்துப் பேச நேரமில்லாமல் தலையசைக்க, அதுவரை ஒருபோதும் தனியே இருந்து பழகாத பிள்ளை, காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை வீட்டுக்கு எஜமானனாகிவிடுகிறது.

இவ்வாறு நிர்ப்பந்தத்தில் பிறக்கும் முடிவை முடிவென்றே நான் ஒப்புக்கொள்வதில்லை. பிள்ளையைத் தனியே விடலாமா, எப்போது விடலாம், எவ்வளவு நேரம் விடலாம் என்பவை, யாருக்கும் எங்கும் போக வேண்டிய அவசரமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நிதானமாக யோசித்துத் தீர்மானிக்க வேண்டிய விஷயங்கள். இந்த அத்தியாயம் அந்தப் பிற்பகலில் படிப்பதற்காக எழுதப்பட்டது.

முற்காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை என்று பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. அந்தப் பேச்சில் பாதி உண்மை. கூட்டுக் குடும்பம் இருந்தது என்பதை மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். திண்ணை இருந்ததை மறந்துவிடுகிறோம். வீட்டில் பெரியவர்கள் ஒருவருமில்லாத நேரத்திலும் வாசற்கதவு திறந்தே கிடந்தது. எதிர்த் திண்ணையில் ஒருவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். பிள்ளை உரக்க அழுதால் தெருவில் மூன்று பேருக்கு அது கேட்டது. ஆகவே அன்றைய பிள்ளை வீட்டுக்குள் தனியாக இருந்ததேயொழிய, ஊருக்குள் தனியாக இருக்கவில்லை. மீதிப் பாதி உண்மை, அதே காலத்தில் கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகளும், கனன்றுகொண்டிருந்த விறகடுப்புகளும் எத்தனையோ பிள்ளைகளைக் கொண்டுபோயின என்பது; அதைப் பெருமூச்சு விடுகிறவர்கள் சொல்வதில்லை. இன்று அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காம் மாடியில், மரக்கதவுக்கு முன்னால் இரும்புக் கதவும் போட்டுப் பூட்டிக்கொண்டு வாழும் நாம் கிணற்றை ஒழித்துவிட்டோம். கூடவே திண்ணையையும் ஒழித்துவிட்டோம். ஆகையால், பெற்றோர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, பிள்ளைக்கு எத்தனை வயது என்பதன்று. அது கூப்பிட்டால் இரண்டு நிமிஷத்துக்குள் வந்து நிற்கக்கூடிய பெரியவர் யார் என்பது. அப்படி ஒருவர் பெயரும் வாயில் வராத வீட்டில், பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக்கூட நெடுநேரம் விடுவதற்கு நான் சம்மதிக்கமாட்டேன்.

வயதைப் பற்றிச் சட்டம் ஏதேனும் சொல்கிறதா என்று கேட்கிறார்கள். நம் நாட்டில், இத்தனை வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தனியே விடலாகாது என்று எண்ணிட்டுச் சொல்லும் சட்டமில்லை. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை முற்றிலும் கைவிடும் நோக்கத்தோடு ஓரிடத்தில் விட்டுச் செல்வதை, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 317-ஆம் பிரிவு குற்றமாக்கியிருந்தது. 2024 ஜூலை முதல் அமலிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 93-ஆம் பிரிவு. கடைக்குப் போய்த் திரும்பும் தாய்க்கும் அந்தப் பிரிவுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 75-ஆம் பிரிவென்று ஒன்றுண்டு. குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர், அதற்கு உடல் வேதனையோ மன வேதனையோ விளையத்தக்க வகையில் வேண்டுமென்றே கவனியாமல் விட்டால், மூன்று ஆண்டுவரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்க அதில் இடமிருக்கிறது. சட்டம் வயதைக் கேட்கவில்லை, விளைவைக் கேட்கிறது. அயல்நாடுகளிலும் ஒரே நியாயம் இல்லை. இங்கிலாந்தில் வயது நிர்ணயம் கிடையாது; ஆயினும் அங்குள்ள குழந்தைகள் பாதுகாப்புச் சங்கம், பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்கள் நெடுநேரம் தனித்திருக்கும் பக்குவம் பெற்றிருப்பது அரிது என்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலோ, எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை வீட்டிலோ வண்டியிலோ பூட்டி வைத்துவிட்டுக் கண் மறைவாகப் போவது குற்றம். குறைந்தது பதின்மூன்று வயதான, நம்பத்தக்க ஒருவர் கூட இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் கருதியும், நான் பார்த்த குடும்பங்களை நினைத்தும், என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். எட்டு வயது நிறையாத பிள்ளையை ஐந்து நிமிஷம்கூடத் தனியே விடலாகாது. எட்டு, ஒன்பது வயதில், மாடிப்படி இறங்கிக் காய்கறி வண்டிக்காரரிடம் போய் வரும் நேரம் விடலாம். பத்து, பதினொன்றில் அரை மணி முதல் ஒரு மணிவரை. பன்னிரண்டு கடந்த பிறகே, பள்ளி விட்டு வந்து பெற்றோர் திரும்பும்வரை இரண்டு மூன்று மணி நேரம் தனியே இருக்கும் வழக்கத்தைத் தொடங்கலாம். இரவு என்பது இந்தக் கணக்கில் அடங்காது; சினிமாவின் இரண்டாம் ஆட்டத்துக்காகப் பத்து வயதுப் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள், பிள்ளை நடுவில் விழித்துக்கொள்ளாது என்று யாரிடம் வாக்குறுதி வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆயினும் இந்த எண்களெல்லாம் வரப்பே ஒழியப் பயிர் அல்ல. பயிர் எது என்பதற்கு, நான் குடியிருக்கும் கட்டடத்திலேயே நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் மாடியில் பத்து வயதுப் பையன் ஒருவன். அவன் தாயார் ஒரு சித்திரை மாதத்து நடுப்பகலில் வங்கிக்குப் போகும்போது, "யார் வந்தாலும் கதவைத் திறக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் போன சிறிது நேரத்துக்கெல்லாம், கிராமத்திலிருந்து முன்னறிவிப்பின்றி அவருடைய தகப்பனார், ஒரு கை நிறைய மாம்பழப் பையோடு வந்து சேர்ந்தார். "தம்பி, தாத்தா வந்திருக்கேன்டா, கதவைத் திற" என்றார். "அம்மா யாருக்கும் திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, தாத்தா" என்று உள்ளிருந்து பதில் வந்தது. பையன் கதவிலிருந்த கண்ணாடித் துளை வழியே பார்த்தான். தாத்தாதான் என்பதில் அவனுக்கு லவலேசமும் சந்தேகமில்லை. வீட்டுக்குள் தொலைபேசியும் இருந்தது. ஆனாலும் எழுபத்திரண்டு வயதுக் கிழவர் ஒரு மணி நேரம் வெக்கையில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். மாலையில் அந்த அம்மாள் என்னிடம், "எவ்வளவு கூப்பிட்டும் திறக்கவே இல்லை பாருங்க, மாமா" என்று பூரித்துப்போய்ச் சொன்னார். கிழவரும் பேரனின் கட்டுப்பாட்டை மெச்சிக்கொண்டார். எனக்கோ அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. கட்டளைக்குள் அடங்காத ஒரு சந்தர்ப்பம் எதிரே வந்து நின்றபோது, அந்தப் பையன் கட்டளையையே கட்டிக்கொண்டு நின்றானேயொழிய, தாயாருக்குப் போன் செய்து ஒரு வார்த்தை கேட்கலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. வாசலில் வந்தது தாத்தாவாக இல்லாமல் உள்ளே வந்தது புகையாக இருந்திருந்தாலும், அவன் கதவைத் திறந்திருக்கமாட்டான் என்றே அஞ்சினேன்.

மற்றொன்று, மூன்றாம் மாடியில் இருந்த ஒன்பது வயதுப் பெண். அவளுக்கு இடப்பட்டிருந்த கட்டளை, வாசற்படி தாண்டக் கூடாது என்பது. குளிர்ப்பெட்டியின் பிளக்கிலிருந்து ஏதோ கருகுகிற வாடை வந்ததும், அவள் அதன் அருகிலேயே போகாமல், கதவைத் திறந்துகொண்டு எதிர்வீட்டுக்குப் போய், "மாமி, எங்க வீட்ல ஏதோ கருகுற நாத்தம் வருது. அம்மா வெளியே போகாதேன்னாங்க, ஆனா வந்துட்டேன்" என்றாள். அந்த மாமி மெயின் சுவிட்சை அணைத்தார். சுவரில் கையகலக் கரியோடு விஷயம் முடிந்தது. தாயார் வந்து, சொன்ன பேச்சைக் கேட்கவில்லையே என்று முதலில் கோபித்துக்கொண்டதுதான் வேடிக்கை. "ஆனா வந்துட்டேன்" என்ற அந்த இரண்டு சொற்களில் இருக்கும் விவேகம் வந்துவிட்டதா என்றே பெற்றோர் பார்க்க வேண்டும். சொன்னதைச் செய்யும் பிள்ளை நல்ல பிள்ளைதான். தனியே விடத் தகுந்த பிள்ளையோ, சொல்லாதது நேரும்போது எந்தக் கட்டளையை மீறலாம் என்று அறிந்த பிள்ளை.

இதைப் பரீட்சித்துப் பார்க்க வழியுண்டு. சாப்பிடும்போதோ, பேருந்துக்குக் காத்திருக்கும்போதோ, விளையாட்டுப் போலக் கேளுங்கள்: நான் ஐந்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லி ஐந்தரைக்கும் வரவில்லையென்றால் என்ன செய்வாய்? "உனக்குப் போன் பண்ணுவேன்" என்று எந்தப் பிள்ளையும் சொல்லும். நான் எடுக்கவில்லையென்றால்? "அப்பாவுக்குப் பண்ணுவேன்" என்று ஓரளவு யோசிக்கும் பிள்ளை சொல்லும். அப்பாவும் எடுக்கவில்லையென்றால்? இந்த மூன்றாவது கேள்விக்குப் பிள்ளை திகைத்து அழ ஆயத்தமானால், இன்னும் ஓராண்டு பொறுங்கள். அத்தை வீட்டையோ, எதிர்வீட்டையோ, கீழே காவலிருக்கும் தாத்தாவையோ அது தானாகவே நினைத்துச் சொன்னால், அந்தப் பிள்ளை ஏறக்குறைய ஆயத்தமாகிவிட்டது. மின்சாரம் போனால், கை வெட்டுப்பட்டால், குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டால் என்று ஒவ்வொன்றையும் மூன்றாவது கேள்விவரை கொண்டுபோக வேண்டும். ஒரே நாளில் கேட்டுத் தீர்த்துப் பிள்ளையைக் கிலிகொள்ளச் செய்துவிடாதீர்கள். அது பரீட்சையன்று, தண்டனை.

பிள்ளை ஆயத்தமானாலும் வீடு ஆயத்தமாக இருக்கிறதா என்பது வேறு விஷயம். வீடுகளில் நான் முதலில் பார்ப்பது கதவை. பிள்ளையை உள்ளே வைத்து வெளியே பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போகும் வழக்கம் நம் நகரங்களில் சர்வ சாதாரணமாக இருக்கிறது. அதைச் செய்கிறவர்கள் அன்பில்லாதவர்களும் அல்லர், பிள்ளை வெளியே ஓடிவிடுமோ, யாரேனும் உள்ளே நுழைந்துவிடுவார்களோ என்று பயந்தே செய்கிறார்கள். ஆனால் அவர்கள் தடுக்க நினைக்கும் ஆபத்துகளைவிட, நெருப்புப் பிடித்தால் வெளியேற வழியின்மை என்ற ஆபத்து பன்மடங்கு கொடியது. வெளியே பூட்டித்தான் விட வேண்டும் என்ற நிலையிலிருக்கும் பிள்ளை தனியே விடத்தக்க பிள்ளையே அன்று. இதில் சமரசத்துக்கு இடமில்லை. உள்ளிருந்து திறக்கச் சாவி வேண்டிய பூட்டாயின், அந்தச் சாவி பிள்ளையின் கைக்கெட்டும் ஆணியில் தொங்க வேண்டும். இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் பூட்டு இன்னொரு சங்கடம்: குப்பை வைக்க வெளியே வந்த பிள்ளை, காற்றடித்துக் கதவு சாத்திக்கொள்ள, வெறுங்காலோடு நடையில் நிற்கும். மாற்றுச் சாவி ஒன்று எதிர்வீட்டில் இருக்கட்டும். பூந்தொட்டிக்கு அடியில் வைப்பது திருடருக்குச் செய்யும் உபசாரம். குளியலறையின் உட்புறத் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருந்தால் கழற்றிவிடுங்கள்; வீட்டில் வேறொருவரும் இல்லாதபோது தாழிட வேண்டிய அவசியம்தான் என்ன?

அடுத்தது அடுப்பு. தனியே இருக்கும் பிள்ளை, பன்னிரண்டு வயதுவரை, அடுப்பைத் தொடலாகாது. பசிக்கு ஆறின சாதமும் பழமும் ரொட்டியும் எடுத்து வைத்துவிட்டுப் போங்கள். அடுப்பின் குமிழை மட்டும் அணைத்தால் போதாது, சிலிண்டரின் மேலிருக்கும் ரெகுலேட்டரையும் மூட வேண்டும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தரையாகப் பரவித் தேங்கும். வாயுவின் நாற்றம் வந்தால், எந்தச் சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, வீட்டுக்குள்ளிருந்து போன் பேசவும் கூடாது; உடனே வெளியே வந்துவிட வேண்டும் என்பதைப் பிள்ளை பாடம்போல் அறிந்திருக்க வேண்டும். கசிவைத் தெரிவிக்க 1906 என்ற எண் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணைச் சுழற்றுவது, வெளியே வந்த பிள்ளை கூப்பிட்டு வந்த பெரியவரின் வேலை. பால்கனிச் சுவரருகே நாற்காலி, ஸ்டூல் எதுவும் வேண்டாம். கீழே தண்ணீர்த் தொட்டியின் மூடி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மாத்திரைகள், கொசுமருந்து, பினாயில், ஆசிட் ஆகியவை குளிர்பானப் புட்டிகளில் ஊற்றி வைக்கப்படாமல் உயரத்தில் இருக்கட்டும். இவற்றை விரித்துச் சொல்ல அவசியமில்லை. எல்லாருக்கும் தெரிந்தவையே, செய்யத்தான் மறக்கிறோம்.

முன்பெல்லாம் தொலைபேசி வீட்டுக்குச் சொந்தமாக இருந்தது. இப்போது அது ஆளுக்குச் சொந்தம். தாயின் போன் தாயோடும், தகப்பனின் போன் தகப்பனோடும் போய்விட, வீட்டில் மிஞ்சுவது பேச வழியில்லாத பிள்ளை. பொத்தான் வைத்த சாதாரணப் போன் ஒன்றை, வீட்டுக்கென்றே, எப்போதும் ஒரே இடத்தில் வைத்திருங்கள். ரீசார்ஜ் தவணை முடிந்து அது ஊமையாகிக் கிடப்பதை ஆபத்து வேளையில் கண்டுபிடிக்காதபடி, மாதமொரு முறை நீங்களே அதிலிருந்து பேசிப் பாருங்கள். பெற்றோர் இருவருடைய எண்ணும் பிள்ளைக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். போனில் பதிந்திருக்கிறதே என்பது சமாதானமாகாது. எந்த அவசரத்துக்கும் 112, ஆம்புலன்சுக்கு 108, தீயணைப்புக்கு 101, குழந்தைகள் தாமே பேசி உதவி கேட்க 1098: இவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். அதன் கீழே உங்கள் வீட்டு முகவரியையும் எழுதுங்கள். பதற்றத்தில் பெரியவர்களுக்கே கதவிலக்கம் மறந்துபோகும்.

வாசலில் மணியடிப்பவரை என்ன செய்வது? கூரியர்காரர், மின்கணக்கு எடுப்பவர், சிலிண்டர் கொண்டுவருபவர் யாராயினும், பெற்றோர் இல்லாதபோது கதவு திறக்கப்பட வேண்டியதில்லை. பொருள் நாளை வந்தாலும் குடி முழுகிவிடாது. போனில் யாரேனும் "அம்மா இருக்காங்களா?" என்று கேட்டால், "குளிக்கிறாங்க" என்று சொல்லப் பழக்குகிறவர்கள் பலர். பிள்ளைக்குப் பொய் கற்றுக்கொடுப்பதா என்று கூசுகிறவர்கள், "அம்மாவால இப்போ பேச முடியாது, உங்க பேரைச் சொல்லுங்க" என்று பழக்கலாம்; அது அப்பட்டமான உண்மை, தனியே இருப்பதையும் காட்டிக்கொடுக்காது. போனுக்கு வந்த ஓடிபி எண்ணை எவர் கேட்டாலும் சொல்லலாகாது.

அந்நியரைப் பற்றி இவ்வளவு எச்சரிக்கும் நாம், தெரிந்தவரைப் பற்றி வாயே திறப்பதில்லை. குழந்தைகளுக்கெதிரான பாலியல் குற்றங்களுக்காக 2012-இல் இயற்றப்பட்ட போக்சோ சட்டத்தின்படி பதிவாகும் வழக்குகளில், மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தை நன்கறிந்த மனிதரே. ஆகையால் யாருக்குத் திறக்கலாம் என்பதை "தெரிந்தவர்களுக்கு" என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள். தாத்தா, பாட்டி, இன்ன அத்தை, எதிர்வீட்டு இன்னார் என்று, ஒரு கைவிரல்களுக்கு மிகாமல், பெயர் பெயராகச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலில் இல்லாதவர், குடும்பத்தின் சொந்த மாமாவேயானாலும், போன் செய்து கேட்ட பிறகுதான். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று வருத்தப்படும் உறவினர் வருத்தப்படட்டும். மாம்பழப் பையோடு வந்த கிழவர் கதையும் அப்போது நேராது.

தம்பி தங்கைகளை மூத்த பிள்ளையிடம் ஒப்படைத்துச் செல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையால், நாலு வயதுக் குழந்தையையும் பார்த்துக்கொள்ள முடியும் என்பது தப்புக் கணக்கு. அது வேறொரு வித்தை. நம் வீடுகளில் இந்தப் பாரம் மூத்த பெண்ணின் தலையில்தான் விழுகிறது, மூத்த பையனின் தலையில் அவ்வளவாக விழுவதில்லை. குழந்தை விழுந்து நெற்றி புடைத்தால் அடி வாங்குகிறவளும் அவளே. பதினைந்து வயதுக்கு முன் அந்தப் பொறுப்பை எவருக்கும் கொடுக்காதீர்கள்.

எல்லாம் சரியென்று தோன்றிய பிறகு, ஒத்திகையைத் தொடங்கலாம். முதல் நாள் பத்து நிமிஷம். கீழே இறங்கிப் பெட்டிக்கடை வாசலில் நின்றுவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் இருபது நிமிஷம். சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷமும் பிந்தக் கூடாது. பிந்துவதானால் போன் செய்ய வேண்டும். தனியே இருக்கும் பிள்ளைக்குக் கடிகாரம் ஒன்றே துணை, அது பொய் சொல்லும்படி நீங்கள் செய்துவிட்டால், அடுத்த முறை அந்தத் துணையும் இல்லை. திரும்பியதும், "பயந்தாயா?" என்று கேட்காதீர்கள், இல்லையென்றே பதில் வரும். "என்னவெல்லாம் நடந்தது?" என்று கேட்டுவிட்டுக் காய்கறி நறுக்கத் தொடங்குங்கள். ஒருவர் மணியடித்தார், காக்கை வந்தது, எதிர்வீட்டில் சண்டை என்று தானாக விஷயம் வெளிவரும். அதற்குள்ளேயே பயமும், அது இருந்தால், வெளிவந்துவிடும். வயதும் விவேகமும் வந்தும் தனியே இருக்க விருப்பமில்லை என்கிற பிள்ளையை வற்புறுத்தவே கூடாது. பகலில் சமாளித்துவிட்டு, இரவில் படுக்கையை நனைப்பதும், வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுப்பதும் அந்தப் பிள்ளை வேறு பாஷையில் சொல்லும் மறுப்புகள்.

மழை விடுமுறைக்கு மட்டும் இந்த ஒத்திகைகள் எவையும் போதாது. அன்று மின்சாரம் போகும், லிஃப்ட் நிற்கும், தெருவில் முழங்கால் தண்ணீர் தேங்கி, ஆறு மணிக்கு வருவதாகச் சொன்ன நீங்கள் ஒன்பது மணிக்கும் பாலத்தின் அடியில் சிக்கி நிற்பீர்கள். ஆகவே பதின்மூன்று வயதானாலும் அந்த நாளில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பெற்றோரில் யார் விடுப்பு எடுப்பது என்பதை ஐப்பசி பிறக்கும் முன்பே முறை வைத்துப் பேசி முடியுங்கள். இருவருக்கும் முடியாத நாளுக்காக, எதிர்வீட்டு மாமியிடம் இப்போதே போய்க் கேட்டுவையுங்கள். கையில் கொஞ்சம் பலகாரத்தோடு போவது நல்லது.